வீட்டைச் சுற்றி இடம் விடுவது வீணா?

சொந்த வீடு என்பது பலருக்கு ஆயுளில் ஒரு முறைதான். நகையை விற்கிறார்கள். கடன் வாங்குகிறார்கள். எப்படியோ ஒரு மனையை வாங்கிவிடுகிறார்கள். பிறகு பிளான் போடப் போகிறார்கள். என்ஜினீயர் கோடு கிழிக்கிறார். "முன்னால் இத்தனை அடி விடவேண்டும். பக்கத்தில் இத்தனை அடி விடவேண்டும்" என்கிறார். வீட்டுக்காரருக்குப் பகீர் என்கிறது.

"என் பணம். என் நிலம். அதில் கட்டாதே என்று சொல்ல சர்க்கார் யார்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டால் தெரியும்.

வயிறு எரியும் கணக்கு

மனையின் அகலம் 20 அடி. நீளம் 40 அடி. மொத்தம் 800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 5 அடி விடுகிறார். ஒரு பக்கம் மட்டும் மூன்றேகால் அடி விடுகிறார். அது ஏறத்தாழ 1 மீட்டர். பின்னால் 3 அடி. மிச்சம் என்ன? அகலம் பதினாறே முக்கால் அடி. நீளம் 32 அடி. பெருக்கினால் 536 சதுர அடி. ஆக, 264 சதுர அடி போய்விட்டது. சதுர அடி 5,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு அது 13 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்!

ஒரு கிரவுண்டு வைத்திருப்பவர் நிலைமை வேறு. 40 அடிக்கு 60 அடி. இரண்டு பக்கமும் மூன்றேகால் அடி விட்டு, முன்னும் பின்னும் அதே அளவு விட்டாலும், அவருக்குப் போவது நூற்றுக்கு 27 பங்குதான். சின்ன மனைக்காரருக்குப் போவது நூற்றுக்கு 33. ஏழைக்குத்தான் அடி பலமாக விழுகிறது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு முழுவதும் பொதுவாகக் கட்டிட விதிகள் வந்தன. அதற்கு முன், சாதாரண வீடுகளுக்கு மனையைப் போல ஒன்றரை மடங்கு பரப்புதான் கட்டலாம். 2019இல் அது இரண்டு மடங்கு ஆயிற்று. 800 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 1,600 சதுர அடி வரை கட்டலாம். கீழே 536, மேலே 536 என்றால் 1,072 ஆகிறது. சட்டம் தரும் அளவில் இன்னும் பாக்கி இருக்கிறது. கீழே விட்ட இடத்தை மேலே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள். இன்று பணம் இல்லாவிட்டால், மகன் தலையெடுத்த பிறகு மாடி எழுப்பிக்கொள்ளலாம்.

எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. தெரு அகலமாக இருந்தால் முன்னால் அதிகம் விடவேண்டும். கட்டிடம் உயர்ந்தால் பக்கத்தில் அதிகம் விடவேண்டும். உயரமான சுவர் அடுத்த வீட்டு வெளிச்சத்தை அதிகமாக மறைக்கும் அல்லவா?

ஆறு அங்குலச் சந்து

இடம் விடாமல் கட்டினால் என்ன ஆகும்? புதிதாக முளைத்த நகர்களுக்குப் போனால் பார்க்கலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆறு அங்குலம்தான் இடைவெளி. கொத்தனாரின் கை நுழையாது, கரண்டியும் நுழையாது. அதனால் வெளிப்புறம் பூச்சே கிடையாது. செங்கல் அப்படியே நிற்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் சுவர் தண்ணீரைக் குடிக்கிறது. உள்ளே படுக்கை அறையில் ஓதம் ஏறுகிறது. பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. குழந்தை இருமுகிறது. வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தும் பயன் இல்லை. நோய் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. மருந்தோ உள்ளே பூசப்படுகிறது.

அந்தச் சந்தில் ஒரு குழாய் உடைந்தால் யார் போய் அடைப்பது? பகலிலும் விளக்கு எரிகிறது. ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கரண்டு பில் கட்டும் போதுதான், விடாமல் பிடித்த மூன்றேகால் அடியின் வாடகை எவ்வளவு என்று தெரிகிறது.

மூன்றேகால் அடி இருந்தால்? ஏணியைச் சாய்க்கலாம். சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போகலாம். கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியின் குழாயைக் கூடத்தின் வழியாக இழுக்க வேண்டியதில்லை. முன்கட்டில் தீப்பிடித்தால் பின்கட்டில் இருப்பவர்கள் வெளியே ஓடிவர வழி உண்டு. 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமான மழைநீர்த் தொட்டிக்கும் மண் வேண்டும். வீடு முழுவதும் சிமெண்டு தளமாக இருந்தால் அதை எங்கே தோண்டுவது?

"அந்தக் காலத்தில் தெருவே சுவரோடு சுவராகத்தானே இருந்தது?" என்று சிலர் மடக்குவார்கள். உண்மைதான். கும்பகோணத்திலும் மதுரையிலும் இன்றும் அப்படித் தெருக்கள் இருக்கின்றன. தொடர் கட்டிடப் பகுதி என்று சட்டமே அவற்றைத் தனியாக வைத்திருக்கிறது. ஆனால் அந்த வீடுகளின் நடுவில் முற்றம் இருந்தது. பின்னால் கொல்லை இருந்தது. பக்கத்தில் விடாத இடத்தைப் பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே விட்டார்கள். வெளிச்சம் மேலிருந்து இறங்கிற்று. முற்றத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடியது பேரன்மார் செய்த காரியம்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். 1882ஆம் ஆண்டு வசதி உரிமைச் சட்டப்படி, 20 ஆண்டு தடையில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தை அனுபவித்தவருக்கு உரிமை உண்டு. அதை நிரூபிக்கும் வரை சுவர் நின்றுகொண்டுதான் இருக்கும். அண்ணன் தம்பியாகப் பழகிய இரண்டு வீட்டுப் பெண்கள் கோலம் போடும்போது கூட முகம் பார்ப்பதில்லை.

யார் ஏமாளி?

இடம் விட்டவன் மனத்தை உடைப்பது வேறொன்று. விதியை மீறியவர்களுக்கு மன்னிப்பு வருகிறது. 1999 பிப்ரவரி 28ஆம் தேதிக்கு முன் மீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தித் தப்பலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு அந்தத் தேதி மேலும் மேலும் நீண்டது. அப்படி நீட்டியது செல்லாது என்று 2006இல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பிறகும் ஓயவில்லை. 2007 ஜூலை 1ஆம் தேதி வரை கட்டியவர்களுக்கு என்று மறுபடி சட்டம் வந்தது.

கடன்பட்டு வாங்கிய நிலத்தில் 264 சதுர அடியை விட்டவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? விட்டவன் ஏமாளி, பிடித்தவன் சமர்த்தன் என்றுதான் நினைப்பார். மீறியவரிடம் அபராதம் வாங்கலாம். ஆனால் வெளிச்சத்தை இழந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பணத்தில் ஒரு காசும் அவருக்குப் போவதில்லை. அடுக்குமாடியைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, ஓட்டு வீட்டுக்காரரின் திண்ணையை அளக்க டேப்போடு வருவதும் முறையல்ல.

சின்ன மனைக்காரருக்குச் சலுகை தர நேரான வழி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்கள் இருவர் சம்மதித்தால், நடுவில் ஒரே பொதுச் சுவர் எழுப்பட்டும். இருவரும் மறுபக்கத்தில் தாராளமாக இடம் விடட்டும். ஆறு அங்குலச் சந்தும் இராது. ஒரு சுவர்ச் செலவும் மிச்சம். மனைப்பிரிவு போடும்போதே இதை வரைந்துவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, ஒரு மாடியோடு கட்டுகிறவர்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை. விதிப்படி கட்டுகிறேன் என்று தாங்களே எழுதிக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கம்ப்யூட்டரிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கையெழுத்து வீட்டுக்காரருடையது. அஸ்திவாரம் தோண்டும் அன்று மேஸ்திரி, "அரை அடி தள்ளிப் போட்டுக்கலாம் சார், யார் பார்க்கப்போறாங்க?" என்று கேட்பார். அன்று டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியவர் வீட்டுக்காரர்தான்.