ஏரிக்குள் இறங்கியவர் இட்ட ஆணை

சைபீரியத்திலே ஓர் ஏரி, பைக்கால் என்று பெயர். ஆழம் 1,642 மீட்டர். நிலப்பரப்பின்மேல் உறையாது கிடக்கும் உலகத்து நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஓர் ஏரியிலே இருக்கிறது, தோழர்களே! கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். எனினும் இந்தக் கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆள்வோருக்கு ஏனோ விளங்கவில்லை!

அந்த அமுதக் கரையிலே, 1966-இல், காகிதக்கூழ் ஆலை எழுந்தது. கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். வெளுத்த கழிவுக்கோ வழி வேண்டும். எங்கே விடுவது? ஏரி இருக்கிறதே, பக்கத்திலே! அன்று ஆண்டது பொதுவுடைமை அரசு. 1991-க்குப் பின் வந்ததோ சந்தைப் பொருளாதாரம். கொடி மாறிற்று, கழிவுக் குழாய் மாறவில்லை! 1996-இல் யுனெஸ்கோ, உலக மரபுச் செல்வம் எனப் பட்டம் சூட்டிற்று. பட்டமும் இருந்தது, நஞ்சும் ஓடிற்று.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆனால் பின்வரும் காட்சியை நான் எழுதியிருந்தால், மிகை என்று கொட்டகையே சிரித்திருக்கும். 2009 ஆகஸ்டு: ருசியப் பிரதமர் புடின் நீர்மூழ்கிக் கலமேறி ஏரியின் அடிக்கு இறங்குகிறார், ஏரி நலமே என்று நவில்கிறார். 2010 சனவரி: நின்று கிடந்த ஆலை மீண்டும் ஏரியிலே கழிவு விட, அவரது அரசே ஆணையிடுகிறது! திரை விழ ஐந்தே மாதம்!

தொழிலாளர் வாழ்வு என்றார்கள். அவர்தம் அடுப்பு எரியத்தான் வேண்டும், மறுப்பவன் மனிதனல்லன். ஆனால் ஓர் ஊரையே ஒற்றை ஆலையின் புகைபோக்கியிலே கட்டிப்போட்டு, நாற்பதாண்டுக்கு மேலாக மாற்றுத் தொழில் தராதிருந்தது யார்? உழைப்பவனைக் கேடயமாக்கிக்கொண்டு ஊழல் நீரை ஓடவிட்டது யார்?

2013-இல் ஆலை மூடிற்று. இரக்கத்தாலா? இல்லை, கடன் கழுத்தை நெரித்ததால்! விட்டுச்சென்றது ஏறத்தாழ 60 இலட்சம் டன் கழிவு, கரையோரக் குழிகளிலே. மேலே மலை. சேற்றுவெள்ளம் இறங்குமானால் அத்தனையும் ஏரிக்கே. பத்தாண்டு கழிந்தும் அவை அகற்றப்படவில்லை.

முடியாது என்பார்களோ? 2006-இல், ஏரிக்கு 800 மீட்டர் அருகே எண்ணெய்க் குழாய் பதிக்கத் திட்டமிட்டார்கள். இர்குட்ஸ்க் நகரத்துத் தெருக்களிலே மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அதே புடின், எழுதுகோலை எடுத்து, வரைபடத்திலே குழாயைக் குறைந்தது 40 கிலோமீட்டர் வடக்கே தள்ளினார். அந்த எழுதுகோல் இன்னும் அவர் கையிலேதான் இருக்கிறது. குழிகளை எப்போது காலி செய்வீர், கோமானே?