சொன்னால் படிப்பு நிற்காது என்று சொல்லுங்கள்

பெற்றோர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் பத்தாண்டுகளில் நேர்ந்த இளவயது மரணங்களை ஆராய்ந்து 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளில் 58 பேர். கணக்கு பழையதுதான். ஆனால் குடும்பச் சண்டை, அடி உதை, தேர்வு பயம், காதல், கவனிக்கப்படாத மனநோய் என்று இத்தகைய சாவுகளுக்குப் பின்னால் சேர்ந்து நிற்கும் காரணங்களில் எதுவும் நம் தெருக்களைவிட்டுப் போய்விடவில்லை.

இந்தத் துயரம் ஏன் வீட்டாருக்கு எட்டுவதில்லை? பேசினால் என்ன நடக்கும் என்று பெண்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்றால் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்கள். ஒரு பையனோடு பேசினாள் என்றால் செல்போன் போகும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். அண்ணனுக்கு ஒரு திட்டோடு முடிகிற விஷயத்துக்கு அவள் படிப்பையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் வாயை மூடிக்கொள்கிறாள். ‘தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்பீர்கள். சாப்பிட்டாயா, எத்தனை மார்க், ஏன் லேட் என்பவை விசாரணைக் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லியே ஒரு பெண் தன் வேதனையை வருடக்கணக்கில் மறைத்துவிட முடியும்.

இடம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற அச்சம் எங்களுக்கும் புரிகிறது. கண்டிப்பை விடச் சொல்லவில்லை. தவறு செய்ததற்குக் கண்டியுங்கள்; வந்து சொன்னதற்குத் தண்டிக்காதீர்கள். படத்தை வைத்து ஒரு பெண்ணை மிரட்டுகிறவனுக்குப் பலமே ‘உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்’ என்ற ஒரு வார்த்தைதான். அப்பாவிடம் அவளே சொல்ல முடிகிற வீட்டில் அந்த மிரட்டல் செல்லாது. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்றும் பலர் தயங்குகிறார்கள். நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கப்பட்டவர்களுக்கு அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களில், கேட்கப்பட்டவர்களுக்கு வேதனை குறைவாகவே இருந்தது. ஆகவே, பிள்ளை சரியாக உண்ணாமல், உறங்காமல், ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்று பேசினால் நாடகம் என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கல்யாணத்துக்குத் தடையாகுமே என்று தள்ளிப்போட வேண்டாம்.

சில வீடுகளில் துன்பமே வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அங்கே பெற்றோரிடம் பேசு என்பது அந்தப் பிள்ளைக்கு உதவாது. அவளுக்கு ஒரு சித்தியோ டீச்சரோ பக்கத்து வீட்டு அக்காவோ வேண்டும். அப்படி ஒருத்தி உங்களைத் தேடி வந்தால், அவள் சொல்வதை நம்புங்கள்; சமாதானம் பேசி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

எது நடந்திருந்தாலும் எங்களிடம் சொல், அதற்காக உன் படிப்பு நிற்காது என்று இன்றிரவே உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் இரவானாலும் பகலானாலும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை அவள் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.