குஞ்சோடு நிற்கும் விராலை விட்டுடுங்க!

நம்ம ஊர் ஏரிக்கரையில் லீவு நாள்னா தூண்டில்தான். மண்புழு கோர்த்தால் கெளுத்தி விழும். பிசைந்த மாவு என்றால் ஜிலேபிக் கெண்டை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் தக்கையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்தவள்தான். (பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குத் தூண்டில் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

விரால் விஷயம் வேறு. மழைக்குப் பிறகு கரையோரம் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகும். அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். முள்ளில் தவளையைக் கோர்த்து அந்தக் கூட்டத்து நடுவில் தட்டினால் உடனே கவ்வும். பசியில் இல்லை, தவளையை விரட்டத்தான் கவ்வுது. இதைப் போய்த் திறமை என்கிறோம்! காவல் போனதும் குஞ்சுகளைக் கொக்கும் மற்ற மீனும் தின்றுவிடும்.

"நாங்க விட்டா வேற ஆள் பிடிப்பான்" என்கிறார்கள் பையன்கள். அந்த வேற ஆளும் நம்ம ஊர்தானே? பங்குனியில் தண்ணி வற்றும்போது பிடிங்க, யார் வேணாம்னது?

போன ஐப்பசியில் சித்தப்பா அப்படி ஒன்று பிடித்து வந்தார். சொல்லிப் பார்த்தேன். "அப்போ உனக்குக் குழம்பு கிடையாது" என்றார். விரால் குழம்பு என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு ரசம்தான் ஊற்றிக்கொண்டேன்.