லயத்துக் குப்பையும் எலித் தொல்லையும்

2021இல் இரசாயனப் பசளைக்குத் திடீரெனத் தடை போட்டபோது கொழுந்து மலைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அதற்காகக் கூட்டெருவைக் குறை சொல்லக் கூடாது. வீட்டு மரக்கறிப் பாத்திக்கு அது நல்ல பசளை. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, சாணம், கிளிசரிடியாத் தழை, சருகு எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் அடிக்கடி புரட்டினால் மூன்று நான்கு மாதத்தில் எரு தயார்.

சோறு, மீன் முள், எலும்பு மட்டும் வேண்டாம். எலியும் காட்டுப்பன்றியும் அதைத் தேடித்தான் வரும்; எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். குவியலை லயத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, அடியில் கம்பி வலை விரியுங்கள். புதுக் கழிவைச் சருகால் மூடுங்கள்.

தள்ளிப் போட இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 7 பேர்ச்சில் வீடு போக மிஞ்சுவது எவ்வளவு? லயத்தில் அதுவும் இல்லை. எருக் குழிக்கு நிர்வாகம் இடம் மறுத்தால், தோட்டத் தலைவர்மார் உடனே நமது காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள்.