ஆன்சைட் காதலும் மூணு வார லீவும்

ஆன்சைட் காதல்னாலே நம்மாளுகளுக்கு ஒரு இளக்காரம். "குளிர்ல நடுங்கிக்கிட்டு தனியா ரசம் வச்சுச் சாப்பிடுறவனுக்கு யாரப் பாத்தாலும் காதல் வரத்தான் செய்யும், ப்ராஜெக்ட் முடிஞ்சா அதுவும் முடிஞ்சுரும்"னு ஒரே போடாப் போட்டுருவாய்ங்க. அதுலயும் சென்னையில ஒரே டீம்ல பழகி, பிரிஞ்சு, ரெண்டு வருஷம் கழிச்சு வெளிநாட்டுல மறுபடி ஒரே டீம்ல மாட்டி, திரும்பச் சேந்தவங்கன்னா கேக்கவே வேணாம். "பழைய பக்கை ரீஓப்பன் பண்ணிருக்காய்ங்க"ன்னு கிண்டல் வேற.

சரி பாஸு, அந்த பக் முதல்ல ஏன் வந்துச்சுன்னு எவனாச்சும் கேட்டீங்களா? எனக்குத் தெரிஞ்ச மூணு ஜோடியில ஒண்ணுகூட தூரத்தால பிரியல. நைட் ஷிப்ட்டால பிரியல. "அவிய்ங்க என்ன ஆளுக?"ன்னு வீட்டுல கேட்ட ஒத்தக் கேள்வியில பிரிஞ்சாய்ங்க. மதுரையில வாடகைக்கு வீடு பாக்கப் போனாலே அந்தக் கேள்வி சுத்தி வளைச்சு வரும், கல்யாணத்துக்கு வராதா? வெளிநாட்டுல வீட்டு ஓனர் சம்பளச் சீட்டை மட்டும் கேக்குறான். கேள்வி கேக்க ஆளில்லாத இடத்துல ரெண்டு பேரு மறுபடி பேசுறாங்கன்னா, அது தனிமையோட வேலை இல்ல. இடையில நின்ன ஆளு நகந்துட்டான், அவ்வளவுதான்.

என் கோவம் வேற ஆளு மேல. அங்க ஒரே அபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷம் குடித்தனம் நடத்துவான். ஊர்ல இருந்து போன் வந்தா அந்தப் பொண்ணை பால்கனிக்குப் போகச் சொல்லுவான். அப்புறம் மூணு வார லீவு போட்டு மதுரையில வந்து எறங்குவான். மொத வாரம் ஜாதகம், ரெண்டாவது வாரம் பொண்ணு பாக்குறது, மூணாவது வாரம் நிச்சயதார்த்தம். திரும்பிப் போயி "அம்மாவுக்கு பிபி"ன்னு ஒரு வசனம். ஏண்டா, மொத தடவை பிரிஞ்சப்பயும் அதே அம்மாதானே, அதே பிபிதானே? ஊரை எதுக்க முடியாதுன்னு தெரிஞ்சே எதுக்குடா ரெண்டாவது வாட்டி போயி அந்தப் பொண்ணுகிட்டப் பேசுன?

பயப்படாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பயம் நிஜம். 2015 ஜூன்ல இன்ஜினியரிங் முடிச்ச கோகுல்ராஜைத் திருச்செங்கோடு கோயில்ல இருந்து கடத்திக் கொன்னாய்ங்க. கூடப் படிச்ச பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டு இருந்ததுதான் குத்தம். அந்த வழக்குல 2022 மார்ச்சுல 10 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்தது நம்ம மதுரை சிறப்பு நீதிமன்றம். 2025 ஜூலை 27ல திருநெல்வேலியில வெட்டிக் கொல்லப்பட்ட கவின், சென்னையில வேலை பாத்த சாப்ட்வேர் இன்ஜினியர். நம்ம தொழில், கிட்டத்தட்ட நம்ம வயசு. படிச்சு வேலைக்குப் போயிட்டா சாதி விட்டுரும்னு யாராச்சும் சொன்னா, இந்த ரெண்டு பேரச் சொல்லுங்க.

ஆனா பயப்படுறவன் பயத்தைச் சொல்லணும். பால்கனிக்கு அனுப்பக் கூடாது.

சில பேரு, "ஊருக்குத் தெரியாம அங்கயே தூதரகத்துல முடிச்சுருவோம்"னு கணக்குப் போடுறாங்க. 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு, இல்லைங்கல. ஆனா நோட்டீஸை தூதரகச் சுவத்துல ஒட்டுறதோட விடமாட்டாய்ங்க, இந்தியாவுலயும் வெளியிடணும்; ஆட்சேபத்துக்கு 30 நாள். 1954 சிறப்புத் திருமணச் சட்டமும் அதே கதைதான். வேற ஊர்ல மனு குடுத்தாலும் நோட்டீஸ் நகல் உங்க சொந்த மாவட்டத்துக்கு வந்து ஒட்டிக்கும். பெரியப்பா, சித்தப்பாவுக்கு அரசாங்கமே பத்திரிகை வச்ச மாதிரி :-)

ரெண்டு பேரும் இந்துன்னா, தமிழ்நாட்டுல 1967ல அண்ணா கொண்டு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் இருக்கு. புரோகிதர் வேணாம், நோட்டீஸ் வேணாம்; நண்பர்கள் முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டாப் போதும். வக்கீல் ஆபீஸ்ல பண்ணாலும் செல்லும்னு 2023 ஆகஸ்ட்டுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. மிரட்டல் வந்தா பாதுகாப்புக் குடுக்க மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவு வேணும்னு 2018லயே உத்தரவும் போட்டுச்சு. எஸ்பி ஆபீஸுக்குப் போறப்ப அந்த உத்தரவோட ஒரு நகல் கையில இருக்கட்டும்.

இதுக்கெல்லாம் மூணு வார லீவு தாராளம். டிக்கெட்டை மட்டும் ரெண்டாப் போடணும்.