எச்சம் அறிந்தால் அச்சம் இல்லை

விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகில் திருவண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. அருணாசலேசுவரர் கோயில் கொண்ட திருவண்ணாமலை வேறு, இவ்வூர் வேறு. இங்குள்ள குன்றின்மீது சீனிவாசப் பெருமாள் கோயில் அமைந்துள்ளது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார மக்கள் திரளாக வந்து மலையேறுவர். அந்நாளைப் பற்றி ஒரு தொடர் எழுதுமாறு இவ்வட்டார மாணவரிடம் கேட்டால், "அதிகாலையில் எழுந்து, குளித்து, மலையேறி, பெருமாளைச் சேவித்தேன்" என்று தயக்கமின்றி எழுதுவார். அதனையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எழுதுகோல் நின்றுவிடும். வினைச்சொற்கள் தெரியாமையால் அன்று. அவற்றை எவ்வாறு கோப்பது என்பது தெரியாமையால்.

ஆங்கில இலக்கணத்தில் தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என மூவகை பயிற்றுவிக்கப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வினாவும் தேர்வில் இடம்பெறுகிறது. மாணவர் பலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்துள்ளனர். 'பட்' வந்தால் தொடர்நிலை. 'தோ' வந்தால் கலவை. 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் தனிநிலை. இப்பட்டியலை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால், சொந்தமாக ஒரு பத்தி எழுத வேண்டிய இடத்தில் அது கைகொடுப்பதில்லை. இம்மாணவர்களிடம் இலக்கண அறிவு இல்லை என்று கூற இயலாது. தமிழ் வகுப்பில் கற்ற முற்றும் எச்சமும் ஆங்கில வகுப்பின் வாயிலைத் தாண்டுவதில்லை என்பதே உண்மையான குறை.

மேற்கண்ட தமிழ்த் தொடரை மீண்டும் நோக்குவோம். எழுந்து, குளித்து, ஏறி ஆகிய மூன்றும் வினையெச்சங்கள். சேவித்தேன் என்பது ஒன்றே வினைமுற்று. தமிழில் எத்தனை வினைகள் நிகழ்ந்தாலும் அவற்றை எச்சங்களாக்கி, இறுதியில் ஒரு முற்றினால் முடித்துவிடலாம். ஆங்கிலமும் முற்று, முற்றல்லாதது என்னும் வேறுபாட்டை உடைய மொழியே. எனவே, ஆங்கிலத் தொடரின் வகையை அறிய இணைப்புச் சொல்லைத் தேடுவதினும் முற்றுகளை எண்ணிப் பார்ப்பதே நல்வழியாகும்.

'ஐ க்ளைம்டு தி ஹில் அண்டு ஐ வொர்ஷிப்டு தி லார்டு' என்பதில் முற்றுகள் இரண்டு. இரண்டும் தனித்து நிற்கும் ஆற்றல் உடையன. ஆகவே, இது தொடர்நிலைத் தொடர். 'ஆஃப்டர் ஐ ஹேட் க்ளைம்டு தி ஹில், ஐ வொர்ஷிப்டு தி லார்டு' என்பதிலும் முற்றுகள் இரண்டே. ஆயினும், முற்பகுதி தனித்து நில்லாது. பிற்பகுதியைச் சார்ந்தே நிற்கும். ஆகவே, இது கலவைத் தொடர். 'ஹேவிங் க்ளைம்டு தி ஹில், ஐ வொர்ஷிப்டு தி லார்டு' என்பதில் முற்று ஒன்றே. 'ஹேவிங் க்ளைம்டு' என்பது நம் 'ஏறி' போன்ற எச்சம். ஆகவே, இது தனிநிலைத் தொடர். நம் ஒரு தமிழ்த் தொடருக்கு ஆங்கிலத்தில் மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. இரு செயல்களையும் சமமாகக் கூற விரும்பினால் முதல் வடிவம். ஒன்றைப் பின்னணியாக்கி மற்றொன்றை முன்னிறுத்த விரும்பினால் ஏனைய இரண்டனுள் ஒன்று. வகையைத் தேர்ந்தெடுப்பது கருத்தைத் தேர்ந்தெடுப்பதேயாகும்.

எச்சத்தைக் கையாள்வதில் ஒரு பிழை நேர்வதுண்டு. மலையேறியவர் ஒருவர், 'ஹேவிங் க்ளைம்டு தி ஹில், தி வில்லேஜ் கேம் இன்டு வியூ' என்று எழுதுகிறார். இலக்கணப்படி இங்கு மலையேறியது ஊர் என்றாகிவிடும். இதனை ஆங்கில ஆசிரியர் எத்தனை முறை திருத்தினாலும் மாணவர் மறந்துவிடுகின்றனர். ஆனால், 'மலையேறி ஊர் தெரிந்தது' என்று தமிழில் சொல்லிப் பார்த்தால், ஏதோ இடறுவதைச் செவியே உணர்த்தும். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம், தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியர் வினையியலில் வகுத்த நெறி. வினைமுதல் வேறாகும்போது 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்பது போலச் 'செய' என்னும் வாய்பாடு உதவுகிறது. இந்நெறியை அறிந்த மாணவர் அந்த ஆங்கிலப் பிழையைச் செய்யமாட்டார்.

பெயரெச்சமும் இவ்வாறே துணைபுரியும். 'மலையேறிய சிறுவன்' என நாம் இரு சொற்களில் கூறுவதை ஆங்கிலம் 'தி பாய் ஹூ க்ளைம்டு தி ஹில்' என விரித்துக் கூறும். 1856இல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், ஐரோப்பிய மொழிகள் 'ஹூ', 'விச்' போன்ற சொற்களால் செய்யும் பணியைத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தால் செய்கின்றன என்பதை இராபர்ட் கால்டுவெல் விளக்கினார். திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த அவர், தம் மொழியோடு ஒப்பிட்டே நம் மொழியின் அமைப்பைக் கண்டார். அவர் வந்த வழியில் நாம் எதிர்த்திசையில் செல்லலாம்.

தமிழ் சொல்லின் இறுதியில் வைப்பதை ஆங்கிலம் தொடரின் தலைப்பில் வைக்கிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பெய்தால் என்பதற்கு 'இஃப்', பெய்தபோது என்பதற்கு 'வென்', பெய்ததனால் என்பதற்கு 'பிகாஸ்', பெய்தபோதிலும் என்பதற்குத் 'தோ' எனப் பொருத்திப் பார்த்தால், கலவைத் தொடரின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. 'ஆங்கிலம் கற்க வேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும். தமிழ் குறுக்கிட்டால் பிழை மிகும்' என்பர். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 'இவர் என் ஆசிரியர்' என்பதில் வினைச்சொல் இல்லை. வினையும் பெயரும் வினாவும் பயனிலையாக வரும் என்பது நன்னூல் கூறும் விதி. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'இஸ்' விடுபட்டுப் பிழையாகும். ஆயினும், இப்பிழைக்குக் காரணம் தமிழை எண்ணியது அன்று. இரு மொழிகளும் வேறுபடும் இடத்தை எண்ணாமையே. ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைக்கு அம்மொழியிலேயே சிந்தித்தல் எளிதாகலாம். வீட்டிலும் வீதியிலும் தமிழே ஒலிக்கும் சிற்றூர் மாணவருக்கு அவ்வறிவுரையை மட்டும் வழங்குவது, ஏணியை எடுத்துவிட்டு மாடியேறச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இதனால் தமிழுக்கும் நன்மை உண்டு. 'கடிதம் அவரால் எழுதப்பட்டது' என்று தேவையின்றிச் செயப்பாட்டுவினையைப் பெருக்கி எழுதும் வழக்கம் இன்று பரவியுள்ளது. 'அவர் கடிதம் எழுதினார்' என்பதே நேரிய தொடர். இரு மொழிகளின் அமைப்பையும் தனித்தனியே உணர்ந்தவர், ஒன்றின் சாயலை மற்றொன்றின்மீது ஏற்றமாட்டார்.

எனவே, ஆங்கிலத் தொடர் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புக. முற்றுகள் எத்தனை? அவற்றுள் தனித்து நிற்பது எது, சார்ந்து நிற்பது எது? எச்சத்தின் வினைமுதல் யார்? இவற்றுக்கு விடை கூறத் தேவையான அறிவு, தமிழ் இலக்கணம் கற்ற ஒவ்வொரு மாணவரிடமும் முன்னரே உள்ளது. அதனைப் பயன்படுத்தத் தொடங்கினால், நின்றுபோன எழுதுகோல் மீண்டும் நகரும்.