கவுனியை யாருக்கு விற்பது?

கறுப்புக் கவுனி பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், 'பாரம்பரிய அரிசி கிடைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்புகிறார்கள். பொன்னி உண்பவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடுவார். விளைச்சல் குறைந்த இந்நெல்லைச் சாதாரண நெல் விலைக்குப் போட்டால் கட்டுப்படியாகாது.

கவுனியைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி அரிசி இனிப்பு உண்டல்லவா? அப்பகுதியிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களையும், விருந்துச் சமையல்காரர்களையும் முதலில் அணுக வேண்டும். அறுவடை மாதம், அரைத்த தேதி, கிலோ விலை, பார்சல் செலவு, முந்தின இரவே ஊறவைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றைப் படத்துடன் அனுப்பவும். கால் கிலோ மாதிரி கொடுக்கக் கணக்குப் பார்க்க வேண்டாம். வாங்கியவர் பெயரை நோட்டில் எழுதி, தீபாவளிக்கு முன் மறுபடி கேளுங்கள். அந்தப் பட்டியல் நீளும்வரை கவுனிக்குக் கால் ஏக்கர் போதும் என்பது என் கருத்து.